மேனுவல்ல போட்டு வைங்க

எங்கள் அலுவலகம் இருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், லிஃப்டுக்காக நிற்கும் இடத்தில், சுவரில் ஒரு பலகை பதித்திருக்கிறார்கள். பசுமைக் கட்டடம் என்று சான்றிதழ் வாங்கியதற்கான பலகை. பக்கத்தில் ஒரு டிவி. லிஃப்டுகள் இன்றைக்கு எத்தனை யூனிட் மின்சாரத்தைத் திருப்பித் தந்தன என்று அதில் எண் ஓடிக்கொண்டே இருக்கும். ஏழு வருடமாக இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் 23-வது மாடிக்கு ஏறுகிறேன். மேலே என் இருக்கை மேற்குப் பக்கம். தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. அந்தக் கண்ணாடியை மறைத்து, தரையிலிருந்து கூரை வரை இறக்கிவிட்ட பிளைண்ட். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே தலைக்கு மேல் வரிசையாக விளக்குகள் எரியும்.

வெளிச்சம் வேண்டும் என்றுதானே கண்ணாடி வைத்தார்கள்? அந்த வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று பிளைண்டை இறக்கினோம். இருட்டாகிவிட்டது என்று விளக்கைப் போட்டோம். வெயிலும் விளக்கும் சேர்ந்து வெக்கையாக இருக்கிறது என்று ஏசியைக் கூட்டச் சொன்னோம். எனக்கு நாலு வரிசை தள்ளி உள்பக்கமாக உட்காரும் தோழி, குளிர் தாங்காமல் வருடம் முழுக்க நாற்காலியின் முதுகில் ஒரு ஸ்வெட்டரை மாட்டி வைத்திருக்கிறார். ஒரே மாடி, ஒரே காற்று. நான் வியர்க்கிறேன், அவர் நடுங்குகிறார். கீழே பலகை மின்னுகிறது.

லிஃப்ட் மின்சாரம் தருவது பொய்யில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் பெட்டிக்கு மறுபக்கம் ஒரு எதிர் எடை தொங்குகிறது. ஏறக்குறையப் பாதி ஆட்கள் ஏறிய பெட்டியின் எடைக்கு அதைச் சமமாக வைத்திருப்பார்கள். அதனால் பெட்டி காலியாக மேலே போகும்போது எதிர் எடைதான் அதை இழுக்கிறது. மோட்டாருக்கு வேலையே இல்லை, பிரேக் போடுவது மட்டும்தான். அந்தப் பிரேக் சக்தியை வெப்பமாக வீணாக்காமல் மின்சாரமாக மாற்றிக் கட்டடத்துக்கே தருகிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் இப்படிப்பட்ட கட்டடத்தின் மொத்தச் செலவில் லிஃப்ட் சிறு பங்கு. பெரிய பங்கு குளிரூட்டலில் போகிறது. அதற்கு ஒரு டிவி யாரும் வைக்கவில்லை.

நான் கட்டடத் துறை ஆள் இல்லை. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஆனாலும் இந்த உறுத்தல் போகவில்லை. இவ்வளவு தொழில்நுட்பம் வைத்துக் கட்டிய ஒன்று மதியம் மூன்று மணிக்கு ஏன் இப்படி முட்டாள்தனமாக நடந்துகொள்கிறது? கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். முதலில் பழியைத் தூக்கிக் கண்ணாடி மேல்தான் போட்டேன்.

வந்த பிறகு போட்ட அணை

மூன்றரை மணிக்கு அந்தப் பிளைண்ட் துணியில் கை வைத்துப் பாருங்கள். இஸ்திரிப் பெட்டிக்கு அடியிலிருந்து அப்போதுதான் எடுத்த சட்டை மாதிரி இருக்கும். வெயிலின் ஒளி கண்ணாடியைச் சுலபமாகத் தாண்டிவிடும். துணியில் பட்டுச் சூடாக மாறிய பிறகு அந்த வெப்பக் கதிரால் அதே கண்ணாடியைத் தாண்டி நேராக வெளியே போக முடியாது. வெள்ளம் வருமுன் அணை என்பார்கள். உள்பக்கப் பிளைண்ட் என்பது வெள்ளம் கூடத்தில் வந்து நின்ற பிறகு போட்ட அணை. கண் கூசாமல் காப்பாற்றும். சூட்டைப் பெரும்பாலும் உள்ளேயே வைத்துக்கொள்ளும்.

இதைத் தடுக்க இன்றைய கண்ணாடிகள் நிறையவே செய்கின்றன. இரட்டைக் கண்ணாடியின் உள்முகத்தில் வெள்ளியை நானோமீட்டர் கணக்கில் மெல்லிய படலமாகப் பூசுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பெருமளவு விட்டுவிட்டு, அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புகிற படலம். இடையில் ஆர்கான் வாயு நிரப்புகிறார்கள். பழைய ஒற்றைக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் எவ்வளவு நல்ல கண்ணாடியானாலும், உள்ளே காப்புப் பொருள் வைத்துக் கட்டிய ஒரு சாதாரணச் சுவரின் பக்கத்தில் நிற்க முடியாது. நாலு பக்கமும் கண்ணாடி என்று முடிவெடுத்த அன்றே ஒரு கடன் ஏறிவிடுகிறது. அதற்கப்புறம் வாங்குகிற ஒவ்வொரு புத்திசாலி இயந்திரமும் அந்தக் கடனுக்கு வட்டி கட்டத்தான்.

கடனே வாங்காதவர்களும் இருக்கிறார்கள். மலேசியக் கட்டடக் கலைஞர் கென் யாங் வடிவமைத்து 1992-ல் முடிந்த மெனாரா மெசினியாகா கோபுரத்தைப் பாருங்கள். 15 மாடிதான், இன்றைய கணக்கில் வானளாவி என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் லிஃப்ட், மாடிப்படி, கழிப்பறை எல்லாவற்றையும் வெயில் அடிக்கும் கிழக்குப் பக்கம் தள்ளிவிட்டார். மனிதர்கள் நாள் முழுக்க உட்காராத இடங்கள் வெயிலை வாங்கிக்கொள்ளட்டும் என்ற கணக்கு. இதற்குச் சென்சார் வேண்டாம், சாப்ட்வேர் வேண்டாம், பழுதாகவும் ஆகாது. இன்னொரு பக்கம் அபுதாபியின் அல் பஹர் கோபுரங்கள், 2012. அங்கே திரையைக் கண்ணாடிக்கு வெளியே மாட்டினார்கள். ஒவ்வொரு கோபுரத்திலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடை போன்ற மடிப்புகள். வெயில் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கக் குடைகள் விரியும், வெயில் போனதும் மடங்கும். பார்க்க அழகு, வேலையும் சரியான இடத்தில் நடக்கிறது. அத்தனை குடைகளையும் துடைத்து, எண்ணெய் போட்டுப் பராமரிக்கிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும்.

பிளைண்ட் பற்றிப் படித்ததில் ஒன்றை மறக்கவே முடியவில்லை. நியூயார்க்கில் 1958-ல் எழுந்த சீக்ரம் கட்டடத்தில் அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோஹே பிளைண்டுகளுக்கு மூன்றே நிலைகள் வைத்தார். முழுக்கத் திறந்தது, பாதி, முழுக்க மூடியது. ஆளாளுக்கு ஒரு உயரத்தில் நிறுத்தினால் வெளியிலிருந்து பார்க்கக் கோணல்மாணலாக இருக்குமாம். உள்ளே இருக்கிறவன் கண் கூசினால் என்ன?

காகிதமும் மீட்டரும்

அந்தச் சீக்ரம் கட்டடத்தை வேறொரு பட்டியலிலும் சந்தித்தேன். பெரிய கட்டடங்கள் தங்கள் எரிசக்திச் செலவை வருடாவருடம் கணக்குக் காட்ட வேண்டும் என்று நியூயார்க் நகரம் 2009-ல் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி விவரங்கள் வெளிவந்தபோது, 2012-ல், பலருக்கும் தூக்கிவாரிப் போட்டது. எனர்ஜி ஸ்டார் என்ற 100 மதிப்பெண் அளவுகோலில் 1930-ன் கிரைஸ்லர் கட்டடம் 84. 1931-ன் எம்பயர் ஸ்டேட் 80. 2006-ல் திறந்து, லீட் என்ற பசுமைக் கட்டடத் தரமுறையில் தங்கச் சான்றிதழ் பெற்றிருந்த 7 வேர்ல்ட் டிரேட் சென்டர் 74. திறமையான கட்டடம் என்ற முத்திரைக்கு வேண்டிய 75-க்கு ஒன்று குறைவு. சீக்ரம் கட்டடம் 3. ஆமாம், மூன்று.

புதுக் கட்டடங்களுக்காக நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அவற்றில் நெருக்கமாக ஆட்கள் உட்காருகிறார்கள், கணினிகள் அதிகம், வேலை நேரம் நீளம். மீட்டர் இதையெல்லாம் சேர்த்துத்தான் காட்டும். பழைய கட்டடங்களும் சும்மா இருந்து மதிப்பெண் வாங்கவில்லை. எம்பயர் ஸ்டேட்டில் 2009-ல் அறிவித்த சீரமைப்பைப் படித்தால் எனக்குச் சின்னப் பிள்ளை போல உற்சாகம் வரும். 6,514 ஜன்னல்கள். ஒன்றைக்கூடக் குப்பைக்கு அனுப்பிவிட்டுப் புதிது வாங்குவதாக இல்லை. கட்டடத்தின் 5-வது மாடியிலேயே ஒரு பட்டறை போட்டு, கழற்றிய ஜன்னல்களின் இரண்டு கண்ணாடிகளையும் பிரித்து, நடுவில் ஒரு படலத்தை இழுத்துக் கட்டி, வாயு நிரப்பி, மறுபடி மாட்டினார்கள். குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குப் பின்னால் இருந்த சுவரில், சூடு வெளியே போகாமல் அறைப்பக்கம் திருப்பும் தகடு வைத்தார்கள். இப்படிச் சின்னச் சின்னதாகத் தேவையைக் குறைத்த பிறகுதான் ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரங்களுக்கு வந்தார்கள். தேவை குறைந்துபோனதால் பெரிய புதுச் சில்லர் வேண்டியிருக்கவில்லை, இருந்ததையே பிரித்துப் புதுப்பித்தார்கள். மொத்தத்தில் 38 சதவீதம் மிச்சமாகும் என்று திட்டம். வரிசைதான் இதில் முக்கியம். முதலில் ஓட்டையை அடை, அப்புறம் பம்பு வாங்கு.

வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனின் ஸ்டிராட்டா கோபுரம். 2010-ல் கட்டி, உச்சியில் மூன்று காற்றாலைகளைக் கிரீடம் மாதிரி பொருத்தினார்கள். கட்டடத்தின் தேவையில் 8 சதவீதம் தரும் என்றார்கள். சுற்றாமல் நிற்கிற காற்றாலைகள் என்றுதான் அது பேர் வாங்கியது. குவாங்சோவின் பேர்ல் ரிவர் கோபுரத்துக்கும் இதே போல் நடுவில் காற்றுத் துவாரங்களும் அவற்றில் டர்பைன்களும் உண்டு. எல்லாப் படங்களிலும் அவைதான் வரும். அந்தக் கோபுரத்தில் எனக்குப் பிடித்தது படத்தில் வராத ஒன்று, அதன் கூரை. கூரைத் தகடுகளுக்குள் குளிர்ந்த நீரை ஓடவிட்டு, அந்தத் தகடே அறையின் சூட்டை வாங்கிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். ஒரே கன அளவுக் காற்றைவிடத் தண்ணீர் 3,000 மடங்குக்கு மேல் வெப்பத்தைச் சுமக்கும். அப்படியிருக்க, ஒரு கோபுரம் முழுக்கக் குழாய் குழாயாகக் காற்றைத் தள்ளிக்கொண்டிருப்பது சல்லடையில் தண்ணீர் மொள்ளுகிற கதைதான்.

2017-ல் யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன் ஆய்வாளர்கள் பிரிட்டனின் அலுவலகக் கட்டடங்களை எடுத்துப் பார்த்தார்கள். 20 மாடிக்கு மேற்பட்டவை, 6 மாடிக்குள் இருப்பவற்றைவிட, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை மடங்கு மின்சாரம் தின்றன. உயரத்தில் மறைப்பில்லாத வெயிலும் காற்றும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். இதைப் படித்தபோது என் வழக்கு முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். குற்றவாளிகள் மூன்று பேர்: கண்ணாடி, உயரம், சான்றிதழ். தீர்ப்பும் எழுதிவிட்டேன். அப்படியே இருந்திருப்பேன், ஒரு ராத்திரி பேஸ்மென்டுக்குப் போகாமல் இருந்திருந்தால்.

கை அடையாளம்

ஒரு ரிலீஸ் வேலை இழுத்துக்கொண்டே போனது. எட்டு மணிக்கு ஏசி நின்றுவிடும். இன்னும் இரண்டு மணி நேரம் ஓடவிடச் சொல்லலாம் என்று போன் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. இறங்கிப் போனேன். இரண்டாம் அடித்தளத்தில், சில்லர் அறைக்குப் பக்கத்தில், ஒரு சின்ன அறை. சுவர் வழியாகவே சில்லரின் உறுமல் நாற்காலிக்கு வந்துகொண்டிருந்தது. ஷிப்ட் ஆபரேட்டர் ஒருவர் இரண்டு கணினித் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். மொத்தக் கட்டடமும் அந்தத் திரையில் இருந்தது. கட்டட மேலாண்மை அமைப்பு, சுருக்கமாகப் பிஎம்எஸ் என்பார்கள். எந்த மாடியில் எத்தனை டிகிரி, எந்த ஃபேன் எத்தனை ஹெர்ட்ஸில் ஓடுகிறது, எந்த வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது, எல்லாம்.

23-வது மாடியைத் தட்டினார். எங்கள் மேற்குப் பக்கத்துக்குக் குளிர்ந்த காற்றனுப்பும் இயந்திரம், ஏஎச்யூ. ஃபேனுக்குப் பக்கத்தில் 50 என்று எண், அதன் மேல் சின்னதாக ஒரு மஞ்சள் கை. மற்ற மாடிகளில் 31, 36, 34 என்று இருந்தது. இங்கே மட்டும் உருண்டையாக 50, முழு வேகம்.

“இது என்ன அண்ணா, கை?”

“மேனுவல் சார். ஆட்டோல இருந்தா அதுவே கூட்டிக் குறைச்சுக்கும். இது கையால வெச்சது. நாங்களா எடுத்தாதான் உண்டு.”

“எப்போதிலிருந்து?”

பழைய புகார்ப் பதிவைத் திறந்தார். கீழே கீழே தள்ளிக்கொண்டே போனார். மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு பதிவில் நின்றார். ‘23 மேற்கு, இருக்கை 14, மதியத்துக்கு மேல் வெக்கை தாங்கவில்லை.’ அதற்குக் கீழே அவருடைய மேற்பார்வையாளரின் ஒரே வரி: ‘மேனுவல்ல போட்டு வைங்க.’

இருக்கை 14 என்னுடையது.

நான் அதை எழுதினேன் என்பதுகூட எனக்கு மறந்துவிட்டிருந்தது. ஏதோ ஒரு மதியம், எரிச்சலில், அரை நிமிடத்தில் தட்டிவிட்ட புகார். அதற்கு அப்புறம் கொஞ்ச நாள் பரவாயில்லாமல் இருந்ததா, இல்லையா என்பதும் நினைவில்லை. அந்த அரை நிமிடம் மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் முகத்தில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. “நீங்க கேட்டீங்க, போட்டோம். அப்புறம் எடுக்கச் சொல்லி யாரும் கேக்கலையே சார்.”

ஃபேன் கணக்கு கொடுமையானது. வேகம் குறைவதற்கு நேர் விகிதத்தில் மின்சாரம் குறைவதில்லை, வேகத்தை வேகத்தாலேயே மூன்று முறை பெருக்கிய (மும்மடி) கணக்கில் குறைகிறது. 50 ஹெர்ட்ஸிலிருந்து 40-க்கு வந்தால் காற்று ஐந்தில் ஒரு பங்குதான் குறையும், மின்சாரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். வேகத்தை மாற்றும் விஎஃப்டி கருவியைச் சான்றிதழ்க் காகிதத்தில் எழுதி வாங்குவதே இந்தக் கணக்குக்காகத்தான். எங்கள் மாடியிலும் விஎஃப்டி இருக்கிறது. பொருத்தியிருக்கிறார்கள், பணம் கொடுத்திருக்கிறார்கள், பலகையில் அதற்கும் ஒரு புள்ளி சேர்ந்திருக்கும். அதன் மேல் ஒரு மஞ்சள் கையை வைத்து அமுக்கிவிட்டவன் நான்.

இதில் இன்னொரு வேதனை. அந்தக் காற்று எனக்கு உதவியிருக்கவே முடியாது. நம் உடம்புக்குத் தெரிவது காற்றின் சூடு மட்டுமில்லை, சுற்றியிருக்கும் பரப்புகளின் சூடும்தான். சூடேறிய கண்ணாடியும் துணியும் ஒரு கை தூரத்தில் இருந்து என் மேல் கதிர் வீசுகிறபோது, எவ்வளவு குளிர்ந்த காற்றை அடித்தாலும் இடது தோள் வேகத்தான் செய்யும். சென்சார் இருப்பது காற்று திரும்பிப் போகும் குழாயில். அது மாடியின் சராசரியைத்தான் பார்க்கும். சராசரியில் எல்லாம் குளுகுளுவென்று இருந்தது. மிச்சக் குளிர் முழுக்க உள்பக்கம் போய், நாலு வரிசை தள்ளி ஒரு ஸ்வெட்டராகத் தொங்கிக்கொண்டிருந்தது. அலுவலக வெப்பநிலைக் கணக்கில் பயன்படுத்தும் ‘உடம்பு எவ்வளவு சூட்டை வெளியிடுகிறது’ என்ற அளவே 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணை மனதில் வைத்தது, பெண்களுக்கு அது பொருந்தவில்லை என்று 2015-ல் இரண்டு டச்சு ஆய்வாளர்கள் எழுதினார்கள். என் தோழியிடம் இதைச் சொன்னபோது, “நாற்பது வயசு ஆள் வேற எங்கயும் இல்லை, பதினாலாம் சீட்லதான் உட்கார்ந்திருக்கார்” என்றார்.

அதற்கப்புறம்

கையை எடுப்பது சுலபமில்லை. கடிதம் வேண்டும், எங்கள் நிர்வாகமும் கட்டட நிர்வாகமும் கையெழுத்துப் போட வேண்டும், ஒரு வாரம் சோதனை. எங்கள் வரிசை மேசைகளைக் கண்ணாடியிலிருந்து ஒன்றரை மீட்டர் உள்ளே தள்ளினோம். கோப்பு அலமாரிகளை அந்த இடத்தில் வரிசையாக வைத்தோம். அலமாரிக்கு வெயில் பட்டால் புகார் எழுதாது. கென் யாங்கிடமிருந்து சுட்ட யோசனை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் உண்மையில் அது எங்கள் துப்புரவு மேற்பார்வையாளர் அக்கா சொன்னது. காலையில் வெயில் வராத நேரம் பிளைண்டைத் தூக்கிவிட்டு ஜன்னல் பக்க விளக்கு வரிசையை அணைக்கிறோம். மறந்தால் ஆளுக்கு ஆள் ஞாபகப்படுத்திக்கொள்கிறோம்.

ஃபேன் இப்போது மதியங்களில் 37 ஹெர்ட்ஸில் நிற்கிறது. முன்பு குடித்ததில் ஐந்தில் இரண்டு பங்கு. மூன்றரை மணிக்கு இன்னமும் கொஞ்சம் வெக்கையாகத்தான் இருக்கிறது. ஸ்வெட்டர் நாற்காலியில்தான் இருக்கிறது, ஆனால் சில நாள் மடித்து வைத்தபடியே கிடக்கிறது.

கண்ணாடி மேலும் சான்றிதழ் மேலும் எனக்கிருந்த கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. வடிவமைப்பை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுவது மணமேடையைப் பார்த்துவிட்டுக் குடும்பம் எப்படி நடக்கும் என்று சொல்கிற மாதிரி. ஆஸ்திரேலியாவில் நேபர்ஸ் என்று ஒரு தரமுறை 1998-லிருந்து இருக்கிறது. ஒரு வருடம் கட்டடத்தை ஓட்டிக் காட்டு, மீட்டரைப் பார்த்து நட்சத்திரம் தருகிறேன் என்கிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மீட்டரும்கூட எண்ணைத்தான் சொல்லும், மஞ்சள் கையைச் சொல்லாது.

இப்போது மாதத்துக்கு ஒரு முறையாவது இறங்கிப் போய் ஆபரேட்டர் அண்ணாவைப் பார்க்கிறேன். கட்டடம் முழுக்க எத்தனை கைகள் என்று ஒரு நாள் இருவரும் எண்ணினோம். 61. பெரும்பாலானவற்றுக்குப் புகார்ப் பதிவு கிடைத்தது. யாரோ ஒருவரின் ஒரு மதியம், ஒரு காய்ச்சல் நாள், ஒரு பெரிய மீட்டிங். புகார் எழுதியவர்களில் பாதிப் பேர் வேலையை விட்டே போயிருந்தார்கள். ஒவ்வொன்றாகக் கடிதம் எழுதி, இப்போது 38-க்கு வந்திருக்கிறது. 11-வது மாடியில் ஒரு வால்வு மட்டும் நூறு சதவீதம் திறந்தபடி, மேலே கையோடு நிற்கிறது. அதற்குப் பதிவே இல்லை. அந்த மாடியில் இருக்கிறவர்களைக் கேட்டாயிற்று, யாருக்கும் தெரியவில்லை. எடுத்துவிடலாமே என்றேன். அண்ணா மவுஸை அதன் மேல் கொண்டுபோனார், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் மவுஸிலிருந்து தன் கையை எடுத்துவிட்டார்.

“வேணாம் சார். யாரோ எதுக்கோதான் வெச்சிருப்பாங்க.”